ஸ்டாரா, டெல்டாவா? மோட்டாரின் பட்டையை மாட்டும் முன் பார்க்க வேண்டியவை

பெங்களூரு பீனியா இரண்டாம் ஸ்டேஜில் ஒரு வாடகை ஷெட்டில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு ஏர் கம்ப்ரஸர், அவ்வளவுதான். கம்ப்ரஸரின் 5 எச்.பி. மோட்டாரில் பேரிங் கத்த ஆரம்பித்ததால் கழற்றி ஒரு கடையில் கொடுத்தேன். மோட்டாருக்குள் இருக்கும் சுருள்களை ஸ்டார், டெல்டா என்று இரண்டு விதமாக இணைக்கலாம்; என்னுடையது டெல்டா. பேரிங் மாற்றித் திரும்பி வந்தபோது டெர்மினல் பாக்ஸுக்குள் (மோட்டாரில் ஒயர் மாட்டும் பெட்டி) சுருள் முனைகளை இணைக்கும் பட்டைகளை யாரோ ஸ்டாரில் மாட்டி அனுப்பியிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. என் எலக்ட்ரீஷியனும் மூடியைத் திறந்தார், வந்த மூன்று ஒயரையும் முறுக்கினார், மூடினார். மோட்டார் ஓடியது. கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்தால் 6.8 ஆம்பியர்; மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் விவரப் பிளேட்டில் இருப்பதோ 7.5. "கம்மியாத்தான் சார் எடுக்குது" என்றார், நானும் சந்தோஷப்பட்டேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் வார்னிஷ் கருகிய வாடை ஷெட் முழுக்க. காயில் கட்ட (எரிந்த சுருளை மறுபடி சுற்ற) 5,800 ரூபாய், வண்டிக்குப் போக வர 900, நான்கு நாள் காற்று இல்லாமல் வேலை நின்றது தனி. இத்தனைக்கும் காரணம் விரல் நீளம்கூட இல்லாத பித்தளைப் பட்டைகள். மூன்று பேஸ் மோட்டாரை முதல் தடவை வாங்கி மாட்டப் போகிறவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள். ஒன்று மட்டும் முதலிலேயே: 415 வோல்ட் விளையாட்டுச் சாமான் அல்ல. வயரிங் வேலையை லைசென்ஸ் உள்ள ஆளைத்தான் செய்யச் சொல்ல வேண்டும். அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று என்ன பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதற்குத்தான் இது.

1. மூடியைத் திறக்கும் முன் பிளேட்டைப் படியுங்கள்

பழைய மோட்டார் என்றால் பிளேட் மேல் கிரீஸும் பெயின்ட்டும் அப்பியிருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், அந்தப் படம் பின்னால் நாலு இடத்தில் கேட்கப்படும். கிலோவாட் அல்லது எச்.பி., வோல்ட், ஆம்பியர், ஆர்.பி.எம்., கனெக்‌ஷன் என்ற ஐந்தும் தெரிய வேண்டும். கனெக்‌ஷன் என்ற இடத்தில் முக்கோணம் இருந்தால் டெல்டா, கவட்டைக் குச்சி மாதிரி மூன்று கோடு ஒரு புள்ளியில் சேர்ந்தால் ஸ்டார்.

ஒரே வோல்ட் போட்டிருந்தால் குழப்பமில்லை. 415 என்று போட்டு முக்கோணம் இருக்கிறதா, டெல்டாவில் மாட்டுங்கள். 415 போட்டு ஸ்டார் குறி இருக்கிறதா, ஸ்டாரில் மாட்டுங்கள். இரண்டு வோல்ட் போட்டிருக்கும்போதுதான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். சின்ன எண் எப்போதும் டெல்டாவுக்கு, பெரிய எண் ஸ்டாருக்கு. 230/400 அல்லது 220/380 என்று இருந்தால் (வெளிநாட்டு மெஷினோடு வரும் சின்ன மோட்டார்களில் இது நிறைய) நம் ஊர் மூன்று பேஸ் லைனுக்கு ஸ்டார்தான் போட வேண்டும். 400/690 என்று இருந்தால் டெல்டா.

"3 எச்.பி. வரைக்கும் ஸ்டார், 5-லிருந்து மேலே டெல்டா" என்று எலக்ட்ரீஷியன்கள் வாய்ப்பாடு சொல்வார்கள். இங்கே விற்கும் மோட்டார்களில் பெரும்பாலும் அது பொருந்தும். ஆனால் பெரும்பாலும் என்பதை நம்பி மெயினைப் போட முடியாது. பிளேட்டே இல்லாத மோட்டார் என்றால் காயில் கட்டுபவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், ஊகித்து மாட்டாதீர்கள்.

2. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தடவை புரிந்துகொள்ளுங்கள்

தியரி பிடிக்காதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம், ஆனால் என் மோட்டார் ஏன் எரிந்தது என்பது இங்கேதான் இருக்கிறது.

மோட்டாருக்குள் மூன்று சுருள்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை, ஆக ஆறு முனை. டெல்டாவில் ஒவ்வொரு சுருளும் இரண்டு பேஸ்களுக்கு நடுவே நேராக உட்காருவதால் முழு 415 வோல்ட்டும் அதற்குக் கிடைக்கும். ஸ்டாரில் மூன்று சுருள்களின் ஒரு பக்கத்து முனைகளை ஒன்றாகக் கட்டிவிடுவதால், ஒரு சுருளுக்கு 415-ஐ 1.732-ஆல் வகுத்தால் வருகிற 240 வோல்ட்தான். அப்படியானால் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, உங்கள் மோட்டாரின் ஒரு சுருள் எத்தனை வோல்ட்டுக்குக் கட்டப்பட்டது என்பது. 240-க்குக் கட்டியதை டெல்டாவில் மாட்டினால் 415 பாய்ந்து, லோடே இல்லாவிட்டாலும் மோட்டார் உறுமும், சில நிமிடங்களில் புகை. இது சத்தம் போட்டுச் சாகிற சாவு, உடனே தெரிந்துவிடும், ஓவர்லோட் ரிலே ஒழுங்காக இருந்தால் அதுவே நிறுத்தியும்விடும்.

எனக்கு நடந்தது மற்றது, சத்தமில்லாதது. 415-க்குக் கட்டிய சுருளை ஸ்டாரில் மாட்டினால் 240 மட்டும் கிடைக்கும், இழுவைச் சக்தி மூன்றில் ஒரு பங்காக விழும். லோடு இல்லாதபோது அழகாக, இன்னும் சொன்னால் வழக்கத்தை விட அமைதியாக ஓடும். லோடு ஏறும்போதுதான் திணறும். சரி, ஆம்பியர் பிளேட்டில் இருப்பதை விடக் குறைவாகத்தானே இருந்தது? அங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். பிளேட்டில் உள்ள 7.5 என்பது லைன் கரண்ட், அதாவது வெளியிலிருந்து வரும் ஒயரில் ஓடுவது. டெல்டாவில் அந்த 7.5 பிரிந்து போவதால் ஒரு சுருளுக்குள் ஓடுவது 4.3 ஆம்பியர்தான், கம்பியும் அதற்குத் தகுந்த தடிமனில்தான் இருக்கும். ஸ்டாரில் பிரிவு கிடையாது, லைனில் ஓடுவது அப்படியே சுருளிலும் ஓடும். 4.3 தாங்க வேண்டிய கம்பியில் 6.8 ஓடியது, அதாவது சூடு கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. 7.5-ல் வைத்திருந்த ரிலே ஏன் விழவில்லை (மோட்டாரை நிறுத்தவில்லை) என்றால், அதன் கணக்குப்படி ஒன்றுமே நடக்கவில்லை.

3. மெயினை நிறுத்தி, மீட்டரால் சோதியுங்கள்

ஸ்டார்ட்டரின் சிவப்புப் பட்டனை அமுக்குவது நிறுத்தியது ஆகாது. எம்.சி.பி. அல்லது ஐசோலேட்டரை (லைனையே துண்டிக்கும் மெயின் சுவிட்சை) இறக்கி, முடிந்தால் பூட்டி, "ஆள் வேலை செய்கிறார்" என்று ஒரு அட்டையும் மாட்டுங்கள். அப்புறம் டெர்மினலில் டெஸ்டர் வைத்து மூன்று பேஸும் இல்லை என்று பார்த்த பிறகே கை.

பட்டைகளைக் கழற்றுவதற்கு முன் உள்ளே இருக்கிற நிலையை ஒரு படம் எடுங்கள். பட்டைகளை எடுத்த பின் மல்டிமீட்டரால் ஆறு முனைகளில் எது எதற்கு ஜோடி என்று பாருங்கள். மூன்று ஜோடி வர வேண்டும், மூன்றின் ஓம்ஸும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வித்தியாசமாகக் காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்தது 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் சரியா என்று சோதிக்கும் மீட்டர்): சுருளுக்கும் பாடிக்கும் நடுவே ஒன்று, சுருளுக்கும் சுருளுக்கும் நடுவே ஒன்று. ஒரு மெகா ஓம்ஸுக்குக் கீழே காட்டினால் ஓட்டக் கூடாது. மழைக்காலத்தில் ஷெட்டில் சும்மா கிடந்த மோட்டார் ஈரம் ஏறி இப்படிக் காட்டும், காயவைத்து மறுபடி பார்க்கலாம். மோட்டார் வி.எஃப்.டி.யோடு (வேகத்தை மாற்றும் எலக்ட்ரானிக் டிரைவ்) இணைந்திருந்தால் அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் மெக்கர் சுற்ற வேண்டும், இல்லையென்றால் மோட்டாரைச் சோதிக்கப் போய் டிரைவைக் கொன்றுவிடுவீர்கள்.

4. பட்டைகளை மாட்டும் விதம்

டெர்மினல் பாக்ஸில் இரண்டு வரிசை. கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக யூ1, வி1, டபிள்யூ1. மேல் வரிசையில் டபிள்யூ2, யூ2, வி2. (யூ1-யூ2 ஒரு சுருளின் இரண்டு முனை, மற்றவையும் அப்படியே.) மேல் வரிசை ஏன் கலைந்து கிடக்கிறது என்று நானும் முதலில் முழித்தேன். டெல்டாவுக்குப் பட்டையை நேராக நிறுத்தி மாட்ட வசதியாகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

டெல்டா என்றால் மூன்று பட்டைகளும் செங்குத்தாக நிற்கும்: யூ1-டபிள்யூ2, வி1-யூ2, டபிள்யூ1-வி2. ஸ்டார் என்றால் மேல் வரிசையின் மூன்றும் படுக்கைவாட்டில் ஒன்றாகச் சேரும். கீழ் வரிசையில் பட்டையே இருக்காது. இரண்டிலும் லைன் ஒயர்கள் கீழ் வரிசைக்குத்தான். நிற்கிறது டெல்டா, படுத்திருப்பது ஸ்டார், இதை மட்டும் மனதில் வைத்தால் போதும். பழைய மோட்டார்களில் ஏ1, பி1, சி1 என்று எழுத்து வேறாக இருக்கும், மீட்டரில் பார்த்த ஜோடிகளை வைத்துப் பொருத்திக்கொள்ளுங்கள். எழுத்தே இல்லாமல் ஆறு ஒயர் வெளியே தொங்கினால் ஜோடி கண்டுபிடித்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு ஜோடியிலும் எது தொடக்கம் எது முடிவு என்பதும் தெரிய வேண்டும். ஒரு சுருள் தலைகீழானாலும் மோட்டார் முனகிக்கொண்டு சூடாகும். காயில் கட்டுபவர் அதைச் சீக்கிரம் பார்த்துச் சொல்லிவிடுவார்.

நட்டு, பட்டை, லக் (ஒயர் முனையில் போடும் வளையம்), வாஷர், மேல் நட்டு என்ற வரிசையில் அழுத்தமாக முறுக்குங்கள். இங்கே ஒன்று தளர்ந்தால் ஒரு பேஸ் போகும், சிங்கிள் பேசிங் ஆகி மோட்டார் எரியும். ஸ்டாரின் நடுப்புள்ளியில் நியூட்ரலைக் கொடுக்காதீர்கள், எர்த்தையும் கொடுக்காதீர்கள். பாடிக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் ஒயர். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் பட்டையைத் தொட வேண்டாம், லைன் ஒயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் போதும்.

5. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வாங்குவதாக இருந்தால்

நேரடியாக ஸ்டார்ட் செய்தால் மோட்டார் முதல் நொடிகளில் ஆறேழு மடங்கு கரண்ட் இழுக்கும். முதலில் ஸ்டாரில் ஓட்டி, வேகம் பிடித்ததும் டெல்டாவுக்கு மாற்றினால் அந்த இழுப்பு மூன்றில் ஒரு பங்காகும். மூன்று காண்டாக்டர் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), ஒரு டைமர், ஒரு ரிலே, மோட்டாருக்குப் போகிற ஒயர் ஆறு. பி.வி.கே. ஐயங்கார் ரோட்டில் நாலு கடை ஏறி விசாரித்து என் லேத்தின் 10 எச்.பி.க்கு நான் வாங்கியது ஜி.எஸ்.டி. சேர்த்து 7,400 ரூபாய். ஆறு ஒயர் கேபிளுக்கும் லக்குக்கும் இன்னொரு இரண்டாயிரம் வைத்துக்கொள்ளுங்கள், அதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

வாங்கும் முன்: உங்கள் மோட்டார் 415-க்கு டெல்டா என்று பிளேட்டில் இருந்தால்தான் இந்த ஸ்டார்ட்டர். 230/400 மோட்டாருக்கு இதை மாட்டினால் டெல்டாவுக்கு மாறும் நொடியில் சுருளுக்கு 415 போகும். அதேபோல் லோடோடு கிளம்ப வேண்டிய மெஷினுக்கும் இது சரிப்படாது, ஸ்டாரில் இழுவை மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் நகரவே நகராது.

மாட்டும்போது முதல் வேலை, மோட்டாரில் இருக்கிற பட்டைகளை எல்லாம் கழற்றிவிடுவது. இதை மறந்தவர்கள் ஏராளம். டெல்டா பட்டை உள்ளே இருக்க, ஸ்டார்ட்டரின் ஸ்டார் காண்டாக்டர் சேர்ந்தால் மூன்று பேஸும் நேருக்கு நேர் முட்டும், வெடிச்சத்தம்தான். கழற்றிய பட்டையை எறியாமல் பாக்ஸ் மூடிக்குள்ளேயே டேப் போட்டு ஒட்டி வையுங்கள். ஆறு ஒயருக்கும் இரண்டு பக்கமும் பெயர்ச் சீட்டு. ஸ்டாரில் நன்றாகக் கிளம்பி டெல்டாவுக்கு மாறியதும் மோட்டார் மெல்ல நின்றுபோனால், ஒவ்வொரு சுருளின் இரண்டு முனைக்கும் ஒரே பேஸ் போகிறது என்று அர்த்தம். ஒயர்தான் மாறியிருக்கும், மோட்டார் நல்லாயிருக்கிறது, பயப்படாதீர்கள்.

ரிலே எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். மெயின் காண்டாக்டருக்குக் கீழே, மோட்டாருக்குப் போகும் ஒயரில் இருந்தால் அது சுருளின் கரண்ட்டைத்தான் பார்க்கிறது, பிளேட் ஆம்பியரை 0.58-ஆல் பெருக்கி வைக்க வேண்டும். என் 10 எச்.பி.க்கு 14.5 ஆம்பியர், ரிலே 8.4-ல். அதை 14.5-ல் வைத்தால் ரிலே இருந்தும் இல்லாததுதான். டைமரை நான் 6 நொடியில் வைத்திருக்கிறேன், உங்கள் மெஷின் முக்கால் வேகத்துக்கு மேல் பிடிக்க எவ்வளவு ஆகிறது என்று பார்த்து வையுங்கள்.

6. சிங்கிள் பேஸ் வி.எஃப்.டி. போடுகிறவர்களுக்கு

வீட்டோடு பட்டறை வைத்திருப்பவர்கள் மூன்று பேஸ் இல்லாமல், 230 வோல்ட் வாங்கி மூன்று பேஸ் கொடுக்கும் டிரைவ் போடுகிறார்கள். அது கொடுக்கும் மூன்று பேஸும் 230 வோல்ட்தான். 230/400 மோட்டார் ஸ்டாரில் இருக்கும்படியே மாட்டினால் சுருளுக்கு 133 வோல்ட் மட்டும் போய்த் திணறும். பட்டையை டெல்டாவுக்கு மாற்றுங்கள். 415 டெல்டா மோட்டாருக்கு இந்த டிரைவே பொருந்தாது. டிரைவை நிறுத்தியதும் உள்ளே கைவைக்காதீர்கள், அதன் கெபாசிட்டர்கள் அடங்க மேனுவலில் போட்டிருக்கும் நிமிடங்கள் வரை காத்திருங்கள்.

7. முதல் ஓட்டம்

பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு தடவை, பெல்ட்டோடு ஒரு தடவை. மூன்று பேஸின் ஆம்பியரையும் எழுதி வையுங்கள், மூன்றும் நெருக்கமாக இருக்க வேண்டும். நாங்கள் செய்த தப்பு, கம்ப்ரஸர் டேங்க் காலியாக இருக்கும்போது பாதியும் நிரம்பும்போது பாதியுமாகப் பார்த்துவிட்டு "சரியாயிருக்கு" என்று முடித்தது. முழு லோடில் குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். முழு லோடில் பிளேட்டின் 1440 ஆர்.பி.எம்.முக்கு ரொம்பக் கீழே இறங்கினால், டேங்க் நிரம்ப வழக்கத்தை விட அதிக நேரம் எடுத்தால், பட்டையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். என் கம்ப்ரஸர் அந்த ஒன்பது நாளும் டேங்கை நிரப்ப ஒன்றரை மடங்கு நேரம் எடுத்தது. வால்வு போய்விட்டதோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, ரிலே விழுந்தால் ஏன் விழுந்தது என்று தேடுங்கள், டயலைத் திருகி ஏற்றாதீர்கள். ஏற்றிவிட்டுப் போகிற ஆள் அடுத்த தடவை காயில் காசு கொடுக்க மாட்டார்.

8. காயில் கட்டக் கொடுக்கும்போது

எரிந்த மோட்டாரைக் காமாட்சிபாளையாவில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன், திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர், ஊர் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தவர் எதையும் தொடாமல், "தம்பி, ஸ்டார்ல ஓட்டினியா?" என்றார். எப்படித் தெரிந்தது என்றேன். டெல்டா மோட்டாரில் ஒரு பேஸ் போய் எரிந்தால் மூன்றில் ஒரு பங்கு சுருள்தான் கறுக்கும், மற்றது பளபளப்பாக நிற்கும். ஸ்டார் மோட்டார் அப்படி எரிந்தால் மூன்றில் இரண்டு பங்கு கறுக்கும். என்னுடையதில் சுற்றிலும் ஒரே சீராகக் கறுத்திருந்தது. ஓவர்லோட், ஆனால் ரிலே விழவில்லை, கழற்றி வந்த டெர்மினல் பாக்ஸில் பட்டை படுத்திருக்கிறது, வேறென்ன என்று சிரித்தார். நீங்களும் கடையில் மோட்டாரைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று இதைப் பாருங்கள், காரணம் தெரியாமல் காயில் மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் மறுபடியும் அங்கேதான் போவீர்கள்.

கொடுக்கும்போது ரசீதில் எழுதி வாங்க வேண்டியது: செம்புக் கம்பி, கம்பியின் கேஜ் (தடிமன்), சுற்று எண்ணிக்கை, கனெக்‌ஷன் ஸ்டாரா டெல்டாவா, எத்தனை மாதம் கியாரண்டி. பழைய செம்பை எடுத்துக்கொள்வார்கள் என்றால் அதைக் கழித்து விலை பேசுங்கள். வார்னிஷ் ஊற்றி ஓவனில் காயவைக்கவே ஒரு நாள் தேவை என்பதால் "சாயந்திரம் தரேன்" என்றால் நம்ப வேண்டாம். எனக்கு மூன்று நாள் ஆனது. வாங்க வரும்போது மெக்கர் அங்கேயே சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், பட்டை எப்படி இருக்கிறது என்று படம் எடுங்கள். பேரிங் மாற்ற மட்டும் கொடுத்தாலும் இதே படம்.

புது மோட்டார் என்றால் ஜி.எஸ்.டி. பில், வாரண்டி அட்டை, பிளேட் படம் மூன்றும் ஒரே கவரில். கனெக்‌ஷன் தப்பால் எரிந்தது என்று தெரிந்தால் வாரண்டி எதிர்பார்க்காதீர்கள்.

9. கரண்ட் பில்லையும் எடுத்துப் பாருங்கள்

புதிதாக மோட்டார் சேர்க்கிறவர்கள் பெஸ்காம் (பெங்களூரு மின் வாரியம்) பில்லில் சாங்ஷன் லோடு, அதாவது அனுமதித்த மொத்த லோடு, எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஒரு எச்.பி. என்பது 0.746 கிலோவாட், எல்லா மோட்டாரையும் கூட்டிப் பாருங்கள். தாண்டினால் லோடு ஏற்றிக்கொள்வதுதான் நல்லது. ஸ்டார்-டெல்டா போட்டால் லோடு குறையும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார், தப்பு, குறைவது கிளம்பும் நேரத்து இழுப்பு மட்டும்.

நான் கொடுத்த காகிதங்கள்: ஆர்.ஆர். நம்பர் (மின் இணைப்பு எண்) உள்ள கடைசி பில், வாடகை ஒப்பந்தம், ஷெட் உரிமையாளரின் ஒப்புதல் கடிதம், உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்றிதழ், லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட்ட வயரிங் படமும் வேலை முடிந்த அறிக்கையும். மொத்தம் மூன்று வாரம் ஆனது, அதில் இரண்டு வாரம் உரிமையாளர் ஊரில் இல்லாமல் அந்த ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்தது. அதனால் மோட்டாருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே அவருக்குப் போன் போட்டுவிடுங்கள்.